கல்கத்தாவில் மருந்தாளர் கல்வி வளர்ந்த வரலாறு

அரசாங்க வைத்தியசாலைக்கு மருந்து வாங்கச் சென்ற பழைய தலைமுறையினர் எவரும் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். வீட்டிலிருந்தே ஒரு வெறும் சீசாவைக் கழுவி எடுத்துக்கொண்டு, டாக்டர் எழுதிய சீட்டுடன் ஒரு சிறு சன்னலின் முன்பு வரிசையில் நிற்க வேண்டும். சன்னலுக்கு அப்பால் நிற்பவர் சீட்டை வாங்கிப் பார்ப்பார். பெரிய புட்டிகளிலிருந்து அளந்து ஊற்றிக் கலக்குவார். வேளைக்கு இவ்வளவு என்று காட்டும் வெட்டுக் குறிகளோடு கூடிய காகிதத் துண்டைச் சீசாவின் மேல் ஒட்டுவார். "குலுக்கிவிட்டுச் சாப்பிடுங்கள்" என்று சொல்லிக் கொடுப்பார். தமிழ்நாட்டில் அவருக்குக் கம்பவுண்டர் என்று பெயர். வங்காளத்தில் அவர் கம்பவுண்டர் பாபு. டாக்டரின் பெயரை ஊரார் நினைவில் வைத்திருந்தனர். இவருடைய பெயரைக் கேட்டறிந்தவர் மிகச் சிலரே. ஆயினும் டாக்டரின் அறிவு நோயாளியின் உடலில் சென்று சேர்வதற்கு இருந்த ஒரே வழி அந்தக் கம்பவுண்டரின் கைதான்.

அந்தக் கைக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் யார்? கற்றது சரிதானா என்று சோதித்தவர் யார்? இந்த வினாக்களுக்கு நம் நாட்டில் விடை தேடப் புகுந்தால், பல இடங்களில் நாம் கல்கத்தா நகரத்திற்கே வந்து சேர்கிறோம். பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்து, லேக் மார்க்கெட்டுப் பக்கத்திலும் ராஷ்பிஹாரி அவென்யூவிலும் குடியேறிய தமிழர்கள் பெரும்பாலும் கணக்கு, சுருக்கெழுத்து, தட்டெழுத்து முதலிய தொழில்களாலேயே அறியப்பட்டனர். மருந்துத் தொழிலின் வரலாறு நமக்கு அயலானது என்று எண்ண வேண்டாம். அவ்வரலாற்றின் தொடக்கத்திலும் நடுவிலும் தமிழ்நாட்டின் தொடர்பு இருந்து வந்திருக்கிறது. சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு மிகவும் வேண்டியதான ஒரு பாதுகாப்பையும் அது நமக்குத் தந்திருக்கிறது. அதனை முறையே காண்போம்.

ஐரோப்பிய முறையிலான மருந்துக் கடைகள் கல்கத்தாவில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டன. பாத்கேட் என்பவர் 1811-இல் கடை திறந்தார். ஸ்மித் ஸ்டானிஸ்ட்ரீட் என்னும் நிறுவனத்தின் மருந்துக் கடை 1821-இல் ஏற்பட்டது. கப்பலில் வந்து இறங்கிய மருந்துகளை விற்பதே இக்கடைகளின் வேலை. ஆனால் கப்பல் மருந்துகள் விலை மிகுந்தவை; வழியிலேயே வீரியம் குறைந்து கெட்டுப் போவனவும் உண்டு. எனவே இந்த மண்ணில் விளையும் மூலிகைகளைப் பற்றி அறிய வேண்டிய தேவை ஏற்பட்டது. இவ்வகையில் முதலில் வெளிவந்த பெருநூல்களில் ஒன்று சென்னையில் பிறந்தது. வைட்லா எயின்ஸ்லி என்னும் மருத்துவர் 1813-இல் இந்நாட்டு மருந்துப் பொருள்களைப் பற்றிய தம் நூலைச் சென்னையில் வெளியிட்டார். அதில் சரக்குகளின் தமிழ்ப் பெயர்களையும் தந்தார். நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளின் சொற்கள் அச்சேறி உலகெங்கும் சென்றன.

1835-ஆம் ஆண்டு இரு நகரங்களுக்கும் பொதுவான ஆண்டு. அவ்வாண்டு ஜனவரி 28-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது. ஐந்து நாட்கள் கழித்து, பிப்ரவரி 2-இல், சென்னையில் மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. கல்கத்தாக் கல்லூரியில் இரசாயனம் கற்பிக்க வந்தவர் வில்லியம் புரூக் ஓஷாநெஸ்ஸி என்னும் ஐரிஷ்காரர். பிற்காலத்தில் இந்தியாவுக்குத் தந்தி முறையைக் கொண்டுவந்தவரும் இவரே. இந்நாட்டு மருந்துகளை ஆராய்ந்து தொகுத்து 1842-இல் ஒரு பெருநூலையும், 1844-இல் வங்காளத்திற்குரிய பார்மகோபியா ஒன்றையும் இவர் அளித்தார். பார்மகோபியா என்பது இன்ன மருந்து இன்ன தன்மையுடையதாக, இன்ன அளவில், இன்ன முறையில் செய்யப்பட வேண்டும் என்று விதிக்கும் நூல். கல்கத்தாவைச் சேர்ந்த கனாய்லால் தே 1867-இல் இந்திய மருந்துகளைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டு, திருவிதாங்கூரில் பணியாற்றிய எட்வர்ட் வேரிங் தொகுத்த இந்தியப் பார்மகோபியா வெளிவந்தது. 1869-இல் அதற்கு அனுபந்தம் எழுதி, ஒவ்வொரு சரக்குக்கும் தமிழ் உள்ளிட்ட பல மொழிப் பெயர்களைத் தொகுத்தளித்தவர் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் மொகிதீன் ஷெரீப். கல்கத்தாவும் சென்னையும் இவ்வாறு ஒன்றுக்கொன்று துணையாக நின்றன.

நூல்கள் வந்தன, டாக்டர்களும் வந்தனர். ஆனால் மருந்தைக் கலப்பவருக்கு முறையான கல்வி எதுவும் வரவில்லை. வைத்தியசாலையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்த இளைஞன் மூத்தவரின் முழங்கைப் பக்கம் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வதே வழக்கமாக இருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1870-களில் மருந்து வணிகத் தொழிலுக்கான வகுப்புகள் நடைபெற்றன. வங்காளத்தில் 1881-ஆம் ஆண்டு கம்பவுண்டர்களுக்கு முறையான பயிற்சி தொடங்கிற்று. நம் நாட்டு மருந்தாளர் கல்வியின் எளிய தொடக்கங்கள் இவை என்று கொள்ளலாம்.

இப்பயிற்சி ஏன் இன்றியமையாதது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். அக்காலத்து மருந்து அளவைகள் கிரெயின், டிராம், அவுன்ஸ் என்பன. 60 கிரெயின் ஒரு டிராம். 8 டிராம் ஓர் அவுன்ஸ். டாக்டர்கள் இவற்றை எழுத்தால் எழுதுவதில்லை, குறிகளால் எழுதுவார்கள். டிராமைக் காட்டும் குறிக்கும் அவுன்ஸைக் காட்டும் குறிக்கும் இடையே ஒரு வளைவுதான் வேறுபாடு. அந்த வளைவைத் தவறாகப் படித்தால் மருந்து எட்டு மடங்காகிவிடும். கிரெயின் என்பதை டிராம் என்று கொண்டாலோ அறுபது மடங்காகிவிடும். அபினும் எட்டிக்கொட்டைச் சத்தும் சாதாரணமாக மருந்து அலமாரியில் இருந்த காலம் அது. இத்துடன், எத்தனை வேளை, உணவுக்கு முன்னா பின்னா என்பவற்றை டாக்டர் இலத்தீன் மொழிச் சுருக்கெழுத்துகளால் குறித்திருப்பார். எந்த மருந்தை எந்த மருந்தோடு கலந்தால் நஞ்சாகும், எது அடியில் படிந்து கடைசி வேளையில் மொத்தமாக வயிற்றுக்குள் போகும் என்பவற்றையும் கம்பவுண்டர் அறிந்திருக்க வேண்டும். "குலுக்கிவிட்டுச் சாப்பிடுங்கள்" என்ற அந்த இரண்டு சொற்களின் பின்னே ஒரு சாஸ்திரமே இருந்தது.

மருந்து கலப்பதோடு நில்லாமல், மருந்தை இங்கேயே செய்ய வேண்டும் என்ற எண்ணம் எழுந்ததும் கல்கத்தாவிலேதான். எடின்பரோவில் பட்டம் பெற்றுத் திரும்பிய பிரபுல்ல சந்திர ரே, பிரசிடென்ஸி கல்லூரியில் இரசாயன ஆசிரியராக இருந்துகொண்டே, 1892-இல் அப்பர் சர்க்குலர் சாலை 91-ஆம் எண் வீட்டில் 700 ரூபாய் முதலுடன் பெங்கால் கெமிக்கல் நிறுவனத்தைத் தொடங்கினார். மாட்டெலும்பிலிருந்து பாஸ்பேட் உப்புகளைச் செய்ய முனைந்து எலும்புகளை மொட்டை மாடியில் உலர்த்தியபோது, நாற்றம் தாளாமல் அண்டை வீட்டார் முறையிட்ட கதையை அவரே எழுதியுள்ளார். பகலில் கல்லூரி, மாலையில் மருந்துச் சாலை. அவருடைய நண்பர் டாக்டர் அமூல்ய சரண் போஸ், சக மருத்துவர்களிடம் இம்மருந்துகளை எடுத்துச் சென்று பரிந்து பேசினார். நம் பாட்டிமார் அறிந்த ஆடாதோடையும், நிலவேம்பும், ஓமமும் சத்தாகவும் திரவமாகவும் இறக்கப்பட்டுப் புட்டிகளில் அடைக்கப்பட்டு டாக்டர்களின் சீட்டுகளில் இடம் பெற்றன. கல்கத்தாவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் வயிற்று வலிக்கு வாங்கி வைத்த அந்த ஓமத் தண்ணீர்ப் புட்டியின் பூர்வ கதை இதுவே. அந்நிறுவனம் 1901-இல் லிமிடெட் கம்பெனியாயிற்று. 1980-இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டது.

தொழிற்சாலை வளர்ந்தது போலவே கலப்படமும் வளர்ந்தது. மலேரியாவுக்குக் கொய்னா ஒன்றே மருந்தாக இருந்த காலம் அது. கொய்னா மரமாகிய சிங்கோனா, நம் நீலகிரியிலும் வங்காளத்து டார்ஜிலிங் மலைப் பகுதியிலும் அரசாங்கத் தோட்டங்களில் பயிராயிற்று. 1892 முதல் வங்காளத்தின் அஞ்சல் நிலையங்களில் காலணாப் பொட்டலங்களாகக் கொய்னா விற்கப்பட்டது. ஆனால் கடைத்தெருவில் விற்ற கொய்னா மாத்திரைகள் பலவற்றில் இருக்க வேண்டிய அளவு மருந்து இல்லை என்ற புகார் ஓயவில்லை. விற்பவரைக் கேட்பதற்குச் சட்டம் இல்லை. விற்பவர் மருந்து படித்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. எவரும் எங்கும் மருந்துக் கடை வைக்கலாம் என்ற நிலை. இதனைக் குறித்து 1927-இல் மத்திய சட்ட மன்றத்தின் மேல் சபையில் தீர்மானம் வந்தது. அதன் பயனாக 1930-இல் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. அதன் தலைவர் கல்கத்தா வெப்ப மண்டல மருத்துவப் பள்ளியின் பேராசிரியர் கர்னல் ராம்நாத் சோப்ரா.

சோப்ரா குழு நாடெங்கும் சுற்றிச் சாட்சியங்களைக் கேட்டு 1931-இல் அறிக்கை தந்தது. மருந்துத் தொழில் என்று ஒரு முறையான தொழிலே நம் நாட்டில் இல்லை என்பதை அவ்வறிக்கை வெளிப்படையாகக் காட்டிற்று. மருந்தின் தரத்தைக் காக்கச் சட்டம் வேண்டும். சோதனைச் சாலை வேண்டும். மருந்தைக் கையாள்பவருக்குக் கல்வியும் பதிவும் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. இம்மூன்றும் ஒரே நாளில் நிறைவேறவில்லை. சோதனைச் சாலை 1937-இல் கல்கத்தாவில் ஏற்பட்டது. அதுவே பின்னர் மத்திய மருந்துச் சோதனைச் சாலையாக வளர்ந்து, இன்றும் இந்நகரில் இயங்குகிறது. மருந்துச் சட்டம் 1940-இல் இயற்றப்பட்டது. கல்விக்கோ இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. காசி இந்து பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராப் என்னும் பேராசிரியர் 1932-இல் மருந்து இரசாயனத்தைப் பாடமாகப் புகுத்தி, 1937-இல் பட்டப் படிப்பாகவே வளர்த்தார். ஆனால் அது சிலருக்கே எட்டிய கல்வி.

அக்காலத்து நிலையை ஓர் எண் நமக்கு உணர்த்தும். 1943-இல் அமைக்கப்பட்டு 1946-இல் அறிக்கை தந்த போர் குழு, அன்றைய இந்தியாவில் தகுதி பெற்ற மருந்தாளர் 75 பேரே என்று கணக்கிட்டது. நாற்பது லட்சம் மக்களுக்கு ஒருவர்! அதே நாளில் டாக்டர்கள் ஏறத்தாழ 47,000 பேர் இருந்தனர். அப்படியாயின், அத்தனை டாக்டர்கள் எழுதிய சீட்டுகளுக்கும் மருந்து கலந்து கொடுத்தவர் யார்? கணக்கில் ஏறாத அந்தக் கம்பவுண்டர்களே. அவர்கள் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் இருந்தனர்; படித்தவர் என்ற பட்டியலில் மட்டும் அவர்களுக்கு இடமில்லை.

சுதந்திரம் வந்த மறு ஆண்டே இதற்கு வழி பிறந்தது. 1948 மார்ச் 4-ஆம் நாள் பார்மஸி சட்டம் நிறைவேறியது. 1949 ஆகஸ்டு 9-இல் இந்திய பார்மஸி கவுன்சில் அமைந்தது. கல்வி விதிகளை அக்கவுன்சில் முதன்முதலாக வகுத்தது 1953-இல். இச்சட்டத்தை இயற்றியவர்களுக்கு ஒரு தர்மசங்கடம் இருந்திருக்க வேண்டும். படித்தவர் மட்டுமே மருந்து கொடுக்கலாம் என்று உடனே விதித்தால் வைத்தியசாலைச் சன்னல்கள் எல்லாம் மூடப்படும்; இருபது முப்பது ஆண்டுகள் உழைத்தவர்கள் தெருவில் நிற்பார்கள். யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று விட்டாலோ பழைய கேடு தொடரும். சட்டம் ஒரு நடுவழியைக் கண்டது. முதல் பதிவேட்டைத் தயாரிக்கும்போது பட்டமோ டிப்ளமாவோ பெற்றவர்களோடு, அரசாங்கம் ஒப்புக்கொண்ட கம்பவுண்டர் பரீட்சையில் தேறியவர்களும், வைத்தியசாலை முதலிய இடங்களில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் மருந்து கலந்த அனுபவம் உடையவர்களும் தம் பெயரைப் பதிந்துகொள்ளலாம். அதன் பிறகு வருபவர்கள் படித்தே வர வேண்டும். உழைப்பால் கற்றவரை அவமதிக்காமல், கல்வியால் வரப்போகிறவருக்குக் கதவைத் திறந்த ஏற்பாடு இது.

படிப்பதற்கான இடங்களும் பெருகின. 1949-இல் வடவங்கத்தின் ஜல்பைகுரியில் பார்மஸி நிலையம் ஏற்பட்டது. காசியில் விதை நட்ட ஷ்ராப் அவர்களே, 1963-இல் யாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் மருந்துத் தொழில்நுட்பத் துறையைத் தோற்றுவிக்கும் பணியிலும் முன்னின்றார். டாக்டர் பி. என். கோஷ் தலைமையிலான குழு தயாரித்த சுதந்திர இந்தியாவின் பார்மகோபியா 1955-இல் வெளிவந்தது. கம்பவுண்டர் என்ற பெயர் மெல்ல மறைந்து மருந்தாளர் என்ற பெயர் நிலைத்தது.

இவ்வரலாற்றில் வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு மிகவும் நெருக்கமான பகுதி இனித்தான் வருகிறது. கல்கத்தா, பிரிவினையின் வேதனையைச் சுமந்த நகரம். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களுள் அங்கே மருந்துக் கடை வைத்திருந்தவர்களும் வைத்தியசாலைகளில் மருந்து கலந்தவர்களும் இருந்தனர். கையில் தொழில் இருந்தது. பதிவேட்டில் பெயர் இல்லை. இதே நிலையில் நம்மவர்களும் இருந்தனர். 1960-களில் பர்மாவிலிருந்து உடைமைகளை இழந்து திரும்பிய தமிழர்களையும், 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து தாயகம் வந்தவர்களையும் நாம் அறிவோம். 1976-இல் பார்மஸி சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் இவ்விரு சாராரையும் ஒரே பிரிவில் சேர்த்து நினைத்தது. 1957 ஏப்ரல் 14-க்குப் பின், 1971 மார்ச் 25-க்கு முன், பின்னாளில் வங்க தேசமான பகுதியிலிருந்து இடம் பெயர்ந்தவர்களுக்கும், பர்மா, இலங்கை, உகாண்டா முதலிய நாடுகளிலிருந்து திரும்பியவர்களுக்கும், உரிய தகுதி இருப்பின் பெயரைப் பதிந்துகொள்ள அது தனி வழி வகுத்தது. டாக்காவின் கம்பவுண்டரும் ரங்கூனின் கம்பவுண்டரும் சட்டப் புத்தகத்தின் ஒரே பக்கத்தில் இடம் பெற்றார்கள். வீட்டையும் நிலத்தையும் பறிகொடுத்து வந்தவருக்கு எஞ்சியது கற்ற தொழில் ஒன்றுதான் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் உணர்ந்திருந்தனர் என்று நாம் நன்றியுடன் குறிப்பிடலாம்.

இப்போது அத்தொழிலைக் கற்பது எவ்வாறு? பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகம், இரசாயனம் ஆகியவற்றோடு உயிரியலோ கணிதமோ படித்துத் தேறியவர்கள் மருந்தாளர் டிப்ளமாவில் சேரலாம். இரண்டு ஆண்டுகள் படிப்பு. அதன்பின் மருந்து வழங்கும் இடத்தில் மூன்று மாதங்களுக்குக் குறையாமல் 500 மணி நேரப் பயிற்சி. மருந்துகள் செய்முறை, மருந்து இரசாயனம், மூலிகை இயல், உடற்கூறு, மருந்து உடலில் செயற்படும் விதம், சட்டமும் ஒழுக்க நெறியும் ஆகியவை பாடங்கள். அன்றைய கம்பவுண்டர் முழங்கைப் பக்கம் நின்று கற்றதன் முறையான வடிவமே அந்த 500 மணி நேரம். டிப்ளமா பெற்ற பின்னும் பதிவுக்கு முன்னர் தனியே ஒரு பரீட்சை எழுத வேண்டும் என்ற விதி 2022-இல் வெளியிடப்பட்டது. அமெரிக்க நாட்டில் சமூகக் கல்லூரிகளில் இத்தகைய குறுகிய படிப்பைப் படிப்பவர்கள் மருந்தாளரின் மேற்பார்வையில் உதவியாளராகப் பணிபுரிகிறார்கள். நம் நாட்டிலோ டிப்ளமா பெற்றுப் பதிந்தவர் தாமே மருந்தாளராகிறார். ஆகவே அவருடைய பொறுப்பும் பெரிது.

பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கல்கத்தாவில் படித்துவிட்டு நாளை சென்னைக்கோ பம்பாய்க்கோ மாற்றலாகிப் போனால் இந்தப் படிப்புச் செல்லுமா?" செல்லும். கவுன்சில் ஒப்புக்கொண்ட நிலையத்தில் படித்துத் தேறியவர், எந்த மாநிலத்தில் வசிக்கிறாரோ, அல்லது எங்கே இத்தொழிலை நடத்துகிறாரோ, அந்த மாநிலப் பதிவேட்டில் உரிய கட்டணம் செலுத்திப் பெயரைப் பதியச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. ஒரு மாநிலத்தில் பதிவு பெற்றவரும் வேறொரு மாநிலத்தில் பதிந்துகொள்ளலாம். சேர்வதற்கு முன்பு அந்த நிலையம் கவுன்சிலின் ஒப்புதல் பெற்றதுதானா என்று பார்த்துக்கொள்வது மட்டும் நம் கடமை. அந்த ஒப்புதல் இல்லையேல் இரண்டு ஆண்டு உழைப்பும் பணமும் வீணாகிவிடும்.

இன்று மருந்துகள் பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து அட்டைகளில் வந்துவிடுகின்றன. கலக்க வேண்டிய வேலை குறைந்துவிட்டதே, இனி மருந்தாளர் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். 1937-இல் அமெரிக்காவில் சல்பா மருந்தைத் தவறான திரவத்தில் கரைத்து விற்றதால் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதே வகை நஞ்சு மருந்தில் கலந்து 1972-இல் நம் சென்னையில் குழந்தைகள் மாண்டனர். அட்டையும் முத்திரையும் இருந்தால் போதாது. அறிந்த கண் ஒன்று அதன் மேல் இருக்க வேண்டும். இவ்விடத்தில் இந்நகரோடு தொடர்புடைய ஒரு செய்தி நமக்கு மகிழ்ச்சி தரும். மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் பௌபஜாரில் நிறுவிய விஞ்ஞானச் சங்கத்தில், கணக்கு இலாகா உத்தியோகஸ்தராகக் கல்கத்தா வந்த நம் சி. வி. இராமன் ஆராய்ச்சி செய்து, 1928-இல் ஒளிச் சிதறலின் விளைவைக் கண்டார். பீப்பாயில் வந்திறங்கும் மூலப் பொருள் பெயருக்கேற்ற பொருள்தானா என்று இன்றைய மருந்துத் தொழிற்சாலைகள் சோதிக்கும் வழிகளில் இராமன் விளைவும் ஒன்று. மருத்துவர் கட்டிய சங்கத்தில் தமிழர் கண்ட உண்மை மருந்துக்கே காவலாக வந்து நிற்கிறது.

பிறந்த மண்ணை விட்டு வந்த நாம், பிள்ளைகளுக்கு எதைத் தேடித் தர வேண்டும்? எங்கே போனாலும் கூடவே வரும் தொழிலையே தேடித் தர வேண்டும். மொழி வேறாயினும் நோய் வேறன்று. ஊர் மாறினாலும் மருந்தின் அளவு மாறாது. அன்று சிறு சன்னலின் பின்னே பெயரற்று நின்றவரின் இடத்தில் இன்று நிற்பவருக்குக் கல்வி இருக்கிறது. பதிவேட்டில் பெயர் இருக்கிறது. சட்டத்தின் துணை இருக்கிறது. இவற்றைப் பெறுவதற்கு 1881 முதல் பல தலைமுறைகள் உழைத்தன. அடுத்த முறை மருந்துக் கடைக்குச் செல்லும்போது, அங்கே சுவரில் மாட்டியிருக்கும் பதிவுச் சான்றிதழை ஒருமுறை நின்று படித்துப் பார்ப்போமாக. நம் வீட்டுப் பிள்ளையின் பெயரும் அத்தகைய சான்றிதழ் ஒன்றில் இடம் பெறத் தடையேதும் இல்லை.